ரோட்டில் கொட்டிய கொழுந்து

பச்சைக் கொழுந்து தார் ரோட்டில் குவிந்து கிடந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். லொறியின் மேல் நின்று எறிந்த வேகத்தில் பாதிச் சாக்குகளின் கட்டு அவிழ்ந்துவிட்டது. ரோட்டோரத்திலும் வடிகானுக்குள்ளும் கொழுந்து சிதறி, நல்ல வெயிலில் மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. காலையிலிருந்து அத்தனை பெண்கள் குனிந்து நிமிர்ந்து பறித்தது. லொறிச் சாரதி இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, "சேர், ஸ்டோர்ல கேப்பாங்க சேர்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். சாக்குகளை எறிந்துகொண்டிருந்தவர் எங்கள் சின்னதுரை, தோட்டத்தின் உதவி மனேஜர். அரைக்காற்சட்டையும் நீளக் காலுறையுமாக லொறிக்குள் முழங்கால் அளவு கொழுந்தில் நின்றபடி, நிமிர்ந்துகூடப் பாராமல் அவர் பதில் சொன்னார். "கேட்டா நான் சொல்றேன். நீங்க அந்தப் பக்கத்தப் பிடிங்க."

ரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கண்டக்டராக இருக்கிறேன். வெளிக்கள உத்தியோகத்தர் என்று இப்போது கடிதங்களில் எழுதுகிறார்கள். ஆட்கள் கூப்பிடுவது கண்டக்டர் ஐயா என்றுதான். லயத்துக் காம்பராவில், தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், பிறந்து, படித்து, ஒரு மேசையும் நாற்காலியும் கிடைத்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான். என் அண்ணன் இறந்துவிட்டான். அண்ணி இன்னும் கொழுந்து பறிக்கிறாள். நான் பெரட்டில், அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், நிற்கும்போது அவள் என்னை ஐயா என்று கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்தால் தம்பி. சின்னதுரை அந்தத் தோட்டத்துக்கு வந்தபோது நான் நாற்பதைத் தாண்டியிருந்தேன். அவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நாவுலைப் பக்கத்தில் வயல் செய்கிற ஒரு சிங்களக் குடும்பத்துப் பிள்ளை. அவரைத்தான் எனக்கு வேலை கற்றுத் தந்தவர் என்று நான் சொல்கிறேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். கவ்வாத்தும் கொழுந்தும் எனக்கு அவருக்கு முன்பே தெரியும். அவரிடம் கற்றது வேறு. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வந்த புதிதில் அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துரைமார் பேசும் தமிழ் ஒன்று உண்டு. போ, வா, எடு, வை என்று எல்லாம் கட்டளையாகவே இருக்கும். அவர் எங்கேயோ பேருந்துகளிலும் கடைகளிலும் கற்றுக்கொண்ட தமிழில் "வாங்க, போங்க" என்று பேசினார். வயதான பெண்களை அக்கா என்றார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். "இது எத்தன நாளைக்கின்னு பாப்பம்" என்று அண்ணி என்னிடம் சொன்னாள். எனக்கும் அதே எண்ணம்தான். தோட்டத்தில் நல்லவர்களாக வந்து நல்லவர்களாகத் திரும்பிப் போன துரைமார் குறைவு. குணம் கெட்டுப்போவதால் அல்ல. மேலேயிருந்து கிலோக் கணக்கு கேட்பார்கள், கீழே இருப்பவர்களிடம் இவர் கேட்க வேண்டும். அந்த நடு இடத்தில் சில வருடங்கள் நின்றால் எவருக்கும் முகம் இறுகிவிடும். எனக்கும் இறுகித்தான் இருந்தது.

அந்த வெயில் நாளில் மேல் டிவிசனில், ஆற்றுக்குச் சரிந்து இறங்கும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலை நிற்கும் ஒவ்வொரு துண்டையும் மலை என்றுதான் நாங்கள் சொல்வோம். மலை நடுவே பெரிய நிழல் மரம் ஒன்று. அதன் உச்சியில் குளவிக்கூடு. பருந்து ஒன்று கூட்டைக் கலைத்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். நான் கீழே கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்றேன். முதலில் கேட்டது ஒரு பெண்ணின் குரல்தான். பிறகு மலை முழுவதும் ஒரே குரலாகிவிட்டது. கூடைகள் உருண்டன. சிலர் தேயிலைக்கு அடியில் படுத்து, இடுப்பில் கட்டும் படங்கை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்கள். சிலர் ஓடினார்கள். செங்குத்தான மலையில் ஓடினால் விழத்தான் வேண்டும். குளவிகள் அடங்கிய பிறகு நாங்கள் ஏறிப்போய் ஒவ்வொருவராகத் தூக்கினோம். அண்ணியின் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. "தம்பி, காது கேக்குது, கண்ணுதான் தெரியல" என்றாள். அவளுக்குப் பக்கத்து நிரையில் எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, அண்ணிக்கு அடுத்த காம்பராக்காரி, பேசவே இல்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. அது வேறொரு நோயாளியை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போயிருந்தது, திரும்பி வந்து மலை ஏற நேரமாகும் என்றார்கள். தோட்டத்து வாகனம் மனேஜரான பெரியதுரையோடு கண்டிக்குப் போயிருந்தது. இருந்தது கொழுந்து லொறி மட்டும். காலைக் கொழுந்து முழுவதும் ஏற்றி, ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, புறப்படத் தயாராக நின்றது. கொழுந்தை இறக்கிவிட்டு லொறி திரும்பி வரட்டும் என்று யாரோ சொன்னார்கள். அது புத்திகெட்ட யோசனை இல்லை. எங்கள் தோட்டத்தில் எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது. பிள்ளை பெறப் போகிறவள்கூட லொறி கொழுந்தை இறக்கி வரும்வரை காத்திருந்திருக்கிறாள். சின்னதுரை யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டென்று லொறியில் ஏறினார். நான் முதலில் சொன்ன காட்சி அதன் பிறகு நடந்தது. சாக்குகள் வெளியே போன இடத்தில் பெண்களைக் கிடத்தினோம். வெற்றுத் தகரத்தில் அவர்களுடைய உடம்பு அடிபடாதிருக்க, ஒரு சாக்குக் கொழுந்தை மட்டும் அவர் தரையில் பரப்பச் சொன்னார். அந்த லொறியில் நானும் போனேன். அண்ணியின் தலையை மடியில் வைத்திருந்தேன். எதிர்ப் பக்கத்தில் அந்த அக்காவின் தலை சின்னதுரையின் மடியில் இருந்தது.

ரத்தோட்டையில் ஊசி போட்டார்கள், மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த அக்கா பாதி வழியிலேயே போய்விட்டாள். மற்றவர்கள் பிழைத்தார்கள். இன்னும் சுணங்கியிருந்தால் வேறு சிலரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று டொக்டர் சொன்னார். அதை நான் சின்னதுரையிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வாங்கு ஒன்றில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் கொழுந்துக் கறை.

"கண்டக்டர், அந்த மரத்தில கூடு இருக்குன்னு அக்காமாரு போன கிழமையே பெரட்டுல சொன்னாங்க தானே" என்றார்.

சொன்னார்கள். நானும் அங்கே நின்றேன்.

"நான் பெரியதொரகிட்ட சொன்னேன். இந்தச் சுத்துக் கொழுந்து எடுத்து முடியட்டும், பொறவு பாப்பம்னு சொன்னாரு. நானும் ஹரின்னு சொல்லிட்டேன்." சட்டையில் ஒட்டியிருந்த ஒரு கொழுந்தைப் பிய்த்தெடுத்தார். "ஹரின்னு சொல்ல ஒரு நிமிசம் போகல."

சரி என்பதற்கு அவர் சொல்லும் சிங்களச் சொல் அது. எதற்கும் ஹரி, ஹரி என்பார். அதன் பிறகு என்னிடம் அந்தச் சொல்லை அவர் குறைவாகத்தான் பயன்படுத்தினார். நான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா, உண்மையிலேயே குறைந்ததா என்று தெரியவில்லை.

ரோட்டில் கொட்டிய கொழுந்து மாலைவரை வெயிலில் கிடந்து சிவந்துபோனது. ஸ்டோரில் எடுக்க மாட்டோம் என்றார்கள். தலைமைக் காரியாலயத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கொழுந்துக்குக் கேட்டார்கள். இறந்தவளுக்கு மலர்வளையம் அனுப்பினார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டையும் அனுப்புவது வெவ்வேறு மேசைகள். ஒரு மேசைக்கு மற்றது தெரியாது. வயதாக ஆக இப்படித்தான் எனக்கு எல்லாம் விளங்குகிறது. கோபப்பட ஆள் கிடைப்பதில்லை.

அக்காவை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் பெரட்டில் சின்னதுரை ஒரு விஷயம் சொன்னார். கூடு இருக்கிற மலைக்கு இனி ஆள் போகாது. கூடு எடுக்கும்வரை மலை மூடியிருக்கும். மூடிய நாளில் ஆட்களுக்குப் புல் வெட்டு, வடிகால் தோண்டும் கான் வெட்டு என்று வேறு வேலை கொடுத்து முழுப் பேர் போடப்படும். பேர் போடுவது என்றால் அன்றைய சம்பளத்தை ஒப்புக்கொள்வது. பெண்கள் கைதட்டியிருப்பார்கள் என்று நினைக்கலாம். முதல் கிழமை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கிழமை முறுமுறுத்தார்கள். கொழுந்து நன்றாகப் பொலிந்து நிற்கும் காலத்தில்தான் பேருக்கு மேலே அதிகக் கிலோ எடுத்து நாலு காசு பார்க்க முடியும். புல் வெட்டினால் பேர் மட்டும்தான். கூடு எடுக்கிற ஆட்கள் லக்கலப் பக்கத்திலிருந்து வர வேண்டும். அவர்கள் நினைத்த நேரத்தில் வருகிறவர்கள் இல்லை. மலை மூடியே கிடந்தது. கொழுந்து முற்றி இலையாகிக்கொண்டு போனது.

ஒரு காலையில் அண்ணிதான் எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் வீக்கம் வடிந்து, கன்னத்தில் கறுப்புத் தழும்புகள் மட்டும் இருந்தன.

"தொரைங்களே, கொட்டு வாங்குனவ நானு. நானே சொல்றேன், மலையத் தொறந்து விடுங்க. அந்த மரத்துக்கிட்ட போகாம எடுக்கிறோம்."

"மரத்துக்கிட்ட போகாமத்தான் அக்கா அன்னைக்கும் எடுத்தீங்க."

"கடைக்காரனுக்கு நாங்க என்னா சொல்றது? குளவி இருக்குன்னு சொல்லவா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னதுரை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "என்னய ஏசுங்க அக்கா. ஏசிக்கிட்டே கான் வெட்டுக்குப் போங்க" என்றார். அவள் ஏசிக்கொண்டேதான் போனாள். தன் பக்கத்தில் நியாயம் இருக்கிறவன் எதிரில் நிற்பவரின் நியாயத்தைக் கேட்க மாட்டான் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். அவர் கேட்டார். அவள் சொன்னதில் பொய் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மூடினார். அன்று மாலை ஆபிசில் இருவரும் தனியாக இருந்தபோது, "அந்த அக்கா சொன்னது சரி தானே கண்டக்டர்" என்று என்னிடம் கேட்டார். சரிதான் என்றேன். "எனக்கு ரெண்டு சரியும் ஒரே நேரத்தில செய்யத் தெரியல" என்றார்.

அந்த ஒரு வருடத்தில் நான் அவரிடம் பார்த்துப் பழகியவை பெரிய காரியங்கள் இல்லை. பெரட்டுக்கு முன்பு தினமும் ஏதாவது ஒரு மலையைத் தனியாக நடந்து பார்த்துவிட்டு வருவார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "முடிவ பெரட்டுல எடுக்கக் கூடாது கண்டக்டர். அங்க எல்லாரும் நம்ம மூஞ்சியப் பாக்கிறாங்க. போன்ல பெரியதொர பேசுறாரு. பயத்துல தப்பா சொல்லிருவோம். மலையில நிக்கும்போதே முடிவு எடுத்துட்டு எறங்கி வாங்க" என்றார். இன்னொன்று, கிலோ குறைந்ததற்கு அவர் ஒருபோதும் ஆட்களைக் காரணம் காட்டவில்லை. மழை என்றோ, ஆள் வரவு குறைவு என்றோ எழுதியிருந்தால் தப்பியிருக்கலாம். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். அவர், "மலையை நான் மூடினேன்" என்றே எழுதினார். பெரியதுரை கெட்டவர் இல்லை. "இப்படி எழுதினால் நான் உன்னை எப்படிக் காப்பாற்றுவது?" என்று அவரே கெஞ்சியதை நான் கேட்டிருக்கிறேன்.

காப்பாற்ற முடியவில்லை. அடுத்த கொழுந்துக் காலத்தில் கொழும்புத் தலைமைக் காரியாலயத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். பங்களா வராந்தாவில் தேநீர் குடித்தபடி மெதுவாகப் பேசினார். சத்தம் போடுகிறவராக இருந்தால் எனக்கும் வெறுக்க வசதியாக இருந்திருக்கும். பக்கத்துத் தோட்டங்களில் குளவி இல்லையா, அவர்கள் எல்லாரும் மலையை மூடுகிறார்களா என்று கேட்டார். தோட்டம் நட்டத்தில் போய் மூடப்பட்டால் இந்தப் பெண்களுக்கு யார் வேலை கொடுப்பது என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் வருகிறது. சின்னதுரை நின்றுகொண்டே, கூடு இருக்கிற மலைக்கு ஆள் அனுப்பச் சொல்லித் தலைமைக் காரியாலயம் எழுத்தில் தரட்டும், வேறு யாராவது அனுப்பட்டும், தன்னால் முடியாது என்றார். யாரும் எழுத்தில் தரவில்லை. சில நாட்களில் அவருக்கு மாற்றம் வந்தது. ஆட்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, களஞ்சியத்தில் பெட்டி பார்க்கிற வேலை. அவர் அதை ஏற்கவில்லை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நாவுலைக்குப் போய்விட்டார். போன அன்று பெரட்டில் பிரியாவிடை எதுவும் இல்லை. புதுச் சின்னதுரை வந்து நின்றார். மலைகள் திறந்தன. பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அண்ணி மட்டும் போகிற போக்கில் என்னிடம், "அவரு சாப்பாட்டுக்கு என்னா செய்வாரு தம்பி?" என்று கேட்டாள். பெரட்டில் அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அன்று மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஒரு முறை அவரைப் பார்க்கப் போனேன். மாத்தளையில் பஸ் ஏறி, அலுவிகாரை தாண்டியதும் காற்று மாறிவிடும். நாவுலையில் இறங்கும்போது மலையில் போட்டிருந்த கம்பளிச் சட்டை பாரமாக இருந்தது. கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, வெயிலில் கறுத்திருந்தார். துரை என்று யாரும் நம்ப மாட்டார்கள். அவருடைய மனைவி சோறு போட்டார். தகப்பனார் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். மகனும் அவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன். பெரிதாக எடுக்கவில்லை. திரும்பும்போது பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார்.

"கோவமா சேர்?" என்று கேட்டேன்.

"இல்ல. அலுப்பு" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "கோவம் இருந்தா நல்லா இருக்கும். காலையில எழும்பலாம்" என்றார்.

பஸ் வந்ததும், மேல் டிவிசன் மலையில் கூடு திரும்பவும் கட்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்போது இல்லைதான்.

அவர் எலிக்காய்ச்சலில் இறந்துபோனார். வயல் வேலை செய்கிறவர்களுக்கு வருவது. சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிந்திவிட்டது. அவருடைய மனைவிதான் எனக்கு போன் பண்ணினார். நான் அண்ணிக்குச் சொன்னேன். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்குப் போனால் அண்ணியோடு அன்று லொறியில் கிடந்த பெண்கள் சிலரும் வெள்ளைச் சேலையில் நின்றார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அன்று வேலை நாள். ஒரு பேர் போய்விடும்.

சாவு வீட்டு ஒழுங்கை முழுவதும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. உள்ளே பௌத்தப் பிக்குகள் பிரித் ஓதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெண்கள் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அண்ணி சேலை மடிப்புக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டு உதட்டை அசைத்தாள். யார் இவர்கள் என்று உறவினர்கள் பார்த்தார்கள். கடைசியில் தகப்பனாரே எழுந்து வந்து கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணி தனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கிவிட்டாள். அபே மாத்தயா, எங்கள் ஐயா, என்று ஆரம்பித்தாள். குளவி, லொறி, கொழுந்து என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள். சாக்கைத் தூக்கி எறிவதுபோலக் காட்டினாள். தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். விட்ட இடங்களை நான் நிரப்பினேன். அந்த அக்கா இறந்தது, மலையை மூடியது, கொழும்பிலிருந்து வந்தவர், மாற்றம், எல்லாவற்றையும் சொன்னோம்.

அப்போதுதான் தெரிந்தது, அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது. வேலை ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். துரை வேலைக்கு மகனை அனுப்ப வயலில் ஒரு துண்டை விற்ற தகப்பன், மகனை ஏதோ கையாடலில் பிடித்து வெளியே போட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருக்கிறார். ஊரிலும் அப்படித்தான் பேச்சு. சின்னதுரை அதை மறுத்ததும் இல்லையாம். ஏன் சொல்லவில்லை என்று நான் பல நாள் யோசித்தேன். சொன்னால் அந்த அக்கா இறந்ததையும் சொல்ல வேண்டும். தான் ஹரி என்று சொன்னதையும் சொல்ல வேண்டும். அதை அவர் ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னதே பெரிது.

தகப்பனார் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். அழவில்லை. "செத்துப்போன அம்மாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார்கள், பெரியவர்களாகிவிட்டார்கள் என்றாள் அண்ணி. அவர் தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "அவன் வீட்டுக்கு வந்த பிறகு நான் அவனோடு சரியாகப் பேசவில்லை" என்றார். பெண்களுக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு அவர் போய்ப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் புறப்படும்வரை அங்கேயே இருந்தார்.

இப்போது எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. அவர் நினைவு அடிக்கடி வருவதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேலை விடுவதில்லை. தோட்டத்தில் ஆள் பாதியாகக் குறைந்துவிட்டது. இளம் பிள்ளைகள் கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சீகிரியா ஹோட்டல்களுக்கும் போய்விட்டார்கள். பெரட்டில் நிற்பவர்களில் அண்ணியின் வயதுக்காரர்களே அதிகம். இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு அதே கிலோவைக் கொடுக்க வேண்டும். பெரியதுரையும் சின்னதுரையும் இரண்டு மூன்று பேர் மாறிவிட்டார்கள். மாறாமல் நிற்பவன் நான்தான். எல்லாக் கேள்விக்கும் பதில் என்னிடம் இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

போன மாதம் விடியற்காலையில் மேல் டிவிசன் மலையைப் பார்க்கப் போனேன். முழங்கால் வலி. அடிக்கடி உட்கார்ந்துதான் ஏற முடிகிறது. வேறொரு மரத்தில், கிளை பிரியும் இடத்தில், ஒரு புதுக்கூடு தொங்கியது. சுற்றிலும் கொழுந்து பொலிந்து நின்றது. இந்த வருடம் அப்படி ஒரு கொழுந்து வேறெந்த மலையிலும் இல்லை. நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அவர் மூடுவதும் நான் மூடுவதும் ஒன்றல்ல. அவர் துரை. முழுப் பேர் போட அவருக்கு அதிகாரம் இருந்தது. நான் மூடினால் அவர்களுக்குச் சில்லறை வேலைதான் தர முடியும். அதற்கும் பேர் கிடைக்குமா, அரைப் பேராகுமா என்று ஆபிசில் கெஞ்ச வேண்டும். இந்த வயதில், ஓய்வூதியப் பேச்சு நடக்கிற நேரத்தில், எனக்கு விளக்கக் கடிதம் எதற்கு? இதையெல்லாம் அந்தக் கல்லில் உட்கார்ந்தே யோசித்தேன். வீரம் ஒன்றும் வரவில்லை. களைப்புத்தான் இருந்தது. ஒரு பிணத்தைக் கீழே இறக்குவதற்கு இனி என் உடம்பில் வலு இல்லை என்று தோன்றியது. அந்த எண்ணத்தோடுதான் எழுந்து இறங்கினேன்.

பெரட்டில் மலை மூடியிருக்கிறது என்றேன். புதுச் சின்னதுரை திகைத்துப்போய்ப் பெரியதுரைக்கு போன் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இந்தக் கிழமை ஸ்டோருக்கு என்ன கொடுப்பது?" என்று பெரியதுரை கேட்டார்.

"தெரியல சேர்."

"யார் மூடச் சொன்னது?"

"நான்தான் சேர் மூடினேன்."

அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. எழுதித் தரச் சொன்னார். எழுதித் தருகிறேன் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் பெண்கள் யாரும் நகரவில்லை. அண்ணி கூடையை இறக்கி வைத்தாள். பல் விழுந்த வாயால் மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"ஒங்க சின்னதொர செத்தும் நம்மள விடமாட்டாரு போலிருக்கே."

சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, மாதக் கடைசியில் வந்து தன் வீட்டுச் சட்டியைப் பார்க்கச் சொன்னாள். இன்னொருத்தி, ஐயாவுக்கென்ன, மாதச் சம்பளம் என்றாள். இரண்டும் உண்மை. கீழே பழைய மலையில் புல் வெட்டுக்குப் பிரித்து அனுப்பினேன். அரைப் பேர் ஆக்காமல் முழுப் பேராக ஒப்புக்கொள்ள வைக்க ஆபிசில் பகல் முழுவதும் நின்றேன். அரைகுறையாக ஒத்துக்கொண்டார்கள். கூடு எடுக்கிற ஆட்களுக்குச் சொல்லிவிட்டேன், இந்தக் கிழமைக்குள் வருவதாகச் சொன்னார்கள். விளக்கக் கடிதத்தில் அவர் எழுதியதையே நானும் எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

அன்று மாலை மலையடிவார ரோட்டில் நின்றேன். மேலே மூடிய மலையில் எதுவும் நடக்கவில்லை. பருந்து வரவில்லை, கூடு கலையவில்லை. காற்றுக்கூட இல்லை. திறந்துவிட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று நாளைக்கு யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் ஆதாரம் கிடையாது. நடக்காமல் போன ஒன்றை யாருக்கு எப்படிக் காட்டுவது? அவரும் இதே இடத்தில் இப்படி எத்தனை மாலைகள் நின்றிருப்பார் என்று அப்போதுதான் நினைத்தேன். பெண்கள் கத்தியும் வெறும் கூடையுமாக இரண்டு மூன்று பேராக இறங்கி வந்தார்கள். என்னைக் கடக்கும்போது பேச்சை நிறுத்தவில்லை, எனக்குக் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கப் பேசினார்கள். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசிப் பெண் வளைவில் திரும்பும்வரை அங்கேயே நின்றேன். என்னை ஏசிக்கொண்டே எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.